நெல்லைச் சீமையில் பாம்பு தேடப் போகிறீர்களா? உடுத்த வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முதுகலை விலங்கியல் ஆய்வேட்டுக்காகக் குளத்தங்கரை, வாழைத்தோட்டம், பனைவிளை, செம்மணல் தேரி, கடைசியாக முண்டந்துறை மலை என்று ஓர் ஆண்டு பாம்புக் கணக்கெடுப்புக்கு அலைந்தேன். தேடிக் கண்டுபிடிப்போம், தள்ளி நின்று படம் எடுப்போம், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு நகர்வோம். பிடிக்கிற வேலை கிடையாது.

தொடங்கும்போது எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. கணுக்கால் உயர மலையேற்றக் காலணி 2,400 ரூபாய், வெல்டிங் கையுறை 450, பாம்பு பிடிக்கும் இடுக்கி 1,800 என்று முதல் மாதமே 4,650 ரூபாய் செலவழித்தேன். மூன்றுமே வீண். எந்தப் பொருளாக இருந்தாலும், நம் ஊர் வெக்கையில் நான்கு மணி நேரம் கழற்றாமல் போட்டிருக்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அது எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை. பாம்பு எதிர்ப்படும்போது அந்தப் பொருள் உங்கள் பைக்குள்தான் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் ஆனது.

1. முதலில் தாள்கள்

பூட்ஸ் வாங்கும் முன் அனுமதி வாங்குங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ளோ வேறு காப்புக்காட்டுக்குள்ளோ போவதாக இருந்தால், கல்லூரி வழியாகச் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பம் போக வேண்டும். காப்பகத்தில் அம்பாசமுத்திரம், களக்காடு என இரண்டு கோட்டங்கள். எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தக் கோட்டத்துத் துணை இயக்குநருக்கும் நகல் அனுப்புங்கள்.

நான் வைத்த தாள்கள்: துறைத்தலைவர் கடிதம், வழிகாட்டிப் பேராசிரியர் ஒப்பமிட்ட ஆய்வுத் திட்டம், போகும் இடங்களும் தேதிகளும், உடன் வருவோர் பெயர்ப் பட்டியல், எல்லோருடைய ஆதார் நகல், வண்டியின் பதிவுச் சான்று, காப்பீடு. எல்லாவற்றிலும் நான்கு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தவறியது ஆய்வு முறைப் பகுதியில். ‘பாம்புகளைக் கையாண்டு அளவெடுத்தல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வேட்டையில்தான் சேரும். அதற்கு வேறு அனுமதி வேண்டும். ராஜநாகம், மலைப்பாம்பு மாதிரி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் மத்திய அரசு வரை போக வேண்டும். அந்த ஒரு வரிக்காக விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘தொடாமல் பார்வையிடுதல்’ என்று மாற்றி எழுதி அனுப்பினேன். முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்கிட்டால் அனுமதி கைக்கு வர நான்கு மாதம். மாசியில், பிசான நெல் அறுவடைச் சமயத்தில் விண்ணப்பித்தால் ஆனியில் இறங்கலாம். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவிலுக்குக் கூட்டம் கூட்டமாக வந்து காட்டுக்குள்ளேயே தங்குவார்கள். வனத்துறையாட்கள் அந்த வேலையில் இருப்பார்கள்.

காட்டுக்கு வெளியே, ஊர்ப்புறத்தில் தேடுவதற்கும் கேட்காமல் இறங்காதீர்கள். தோட்டத்துக்கோ விளைக்கோ சொந்தக்காரர் இருப்பார், அவரிடம் ஒரு வார்த்தை. காவல் நிலையத்தில் ஒரு கடிதம். இரவு பதினோரு மணிக்கு டார்ச்சோடு குளத்தங்கரையில் நின்றால் மணல் அள்ள வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். கடிதத்தின் நகல் சட்டைப் பையில் இருந்ததால் நான் இரண்டு முறை தப்பித்தேன்.

2. இடத்தைப் பார்த்து உடுத்துங்கள்

தாமிரபரணிப் பாசனத்து வயலும் வாழைத்தோட்டமும் குளத்தங்கரையும் ஒரு வகை. கண்ணாடி விரியன், நல்லபாம்பு, சாரை, தண்ணீர்ப்பாம்பு எல்லாம் உண்டு. காலுக்குக் கீழே சேறு. இங்கே கம்பூட்ஸ் எனும் உயரமான ரப்பர் பூட்ஸ்தான் சரி.

தேரியும் பனைவிளையும் உடைமரம் மண்டிய உடங்காடும் இன்னொரு வகை. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போனால் சுருட்டை விரியன்தான் பெரிய கவலை. ஒன்றிரண்டு அடிக்கு மேல் இருக்காது. மண் நிறத்திலேயே கிடக்கும். மழை பெய்த இரவில் வெளியே வரும். செம்மணலில் கம்பூட்ஸ் போட்டு நடப்பது சித்திரவதை. போதாததற்கு உடைமுள் ரப்பர் அடியைத் துளைத்து உள்ளே வரும். தடித்த அடி உள்ள காலணியும் அதற்கு மேல் காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டர் உறையும்தான் இங்கே ஒத்துவரும்.

மூன்றாவது மலை. மாஞ்சோலை, நாலுமுக்கு, காரையாற்றுக்கு மேலே. இங்கே குழிவிரியன்கள் இருக்கின்றன. மலபார் குழிவிரியன் செடியிலும் தாழ்ந்த கிளையிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும், உங்கள் இடுப்பு உயரத்தில், சில சமயம் மார்பு உயரத்தில். மூக்கு நுனி தூக்கிய சின்னக் குழிவிரியன் ஒன்று சருகோடு சருகாகக் கிடக்கும். நம் மருத்துவமனைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்காகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன் கடிக்கு அது வேலை செய்யாது. அதனால் மலையில் உடை விஷயத்தில் சமவெளியை விடக் கறாராக இருங்கள்.

3. கால்: பணத்தை இங்கே போடுங்கள்

பாம்புக்கடி பெரும்பாலும் விழுவது பாதத்திலும் கணுக்காலிலும், அதற்கடுத்து கையிலும். முதல் செலவு முழங்காலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

கம்பூட்ஸ்: முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் உயரமான வகையை வாங்குங்கள். பாதி உயரத்தில் நிற்கும் வகை விலை குறைவு, ஆனால் கெண்டைக்காலைத் திறந்து விட்டுவிடும். நான் 550 ரூபாய்க்கு வாங்கினேன். பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கடைகளில் ஆறாம் எண்ணுக்குக் கீழே இருக்காது. ‘ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோங்க, சரியாயிரும்’ என்பார்கள். நம்பாதீர்கள். தளர்ந்த பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வந்தது எனக்கு இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை வெறுங்காலோடு நின்ற இடம் நண்டு வளை நிறைந்த வரப்பு. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஆறு கடை அலைந்து, மீன்பிடிச் சாமான் விற்கும் கடை ஒன்றில்தான் ஐந்தாம் எண் கிடைத்தது.

கெய்ட்டர்: கணுக்காலில் இருந்து முழங்கால் வரை சுற்றி ஒட்டும் தடித்த உறை. கடையில் ‘பாம்புக்கடி தாங்கும் கெய்ட்டர்’ என்று முழுதாகக் கேளுங்கள். வெறுமனே கெய்ட்டர் என்றால் பனிமலை ஏறுகிறவர்கள் கட்டும் மெல்லிய மழைத்துணியைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். எனக்கு இணையத்தில் 3,200 ரூபாய் ஆனது. பார்சல் வர பன்னிரண்டு நாள்.

வாங்கியதும் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். கெய்ட்டரை ஒரு காகித அட்டை மேல் விரித்துக் கோணி ஊசியால் ஓங்கிக் குத்துங்கள். அட்டையில் துளை விழுந்தால் திருப்பி அனுப்புங்கள். கண்ணாடி விரியனின் நச்சுப்பல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை வளரும், கோணி ஊசியை விடக் கூர்மை. அதனால் ஊசி நுழையாதது பாம்புப் பல்லுக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் ஊசிக்கே தாங்காதது நிச்சயம் வேண்டாம்.

கட்டும் முறையில் கவனிக்க வேண்டியவை: கீழ் விளிம்பு காலணியின் நாடாவை மூட வேண்டும். மேல் விளிம்புக்கும் முழங்கால் சிப்பிக்கும் இடையே இரண்டு விரல் இடம் போதும். பேன்ட் கெய்ட்டருக்கு உள்ளே போகட்டும். கட்டிக்கொண்டு ஒரு முறை குந்தி எழுந்து பாருங்கள். பின்பக்கம் மடிந்து காலணிக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அளவு தவறு. குனிந்து படம் எடுக்கும்போதுதான் நாம் பாம்புக்கு மிக அருகில் இருப்போம். அந்த நேரத்தில் இடைவெளி இருக்கக் கூடாது.

பனைவிளையில் கருக்குமட்டை கெய்ட்டரைக் கிழித்துவிடும். ரம்பப் பல் மாதிரி விளிம்பு அதற்கு. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் தையலைத் தடவிப் பாருங்கள். விட்டிருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள், முப்பது ரூபாயில் முடியும்.

பேன்ட்: லெக்கின்ஸ், ஒட்டிப் பிடிக்கும் சுடிதார் வேண்டவே வேண்டாம். துணி தோலோடு ஒட்டினால் பல்லுக்குத் தடையே இல்லை. பழைய தளர்ந்த ஜீன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கிலுகிலுப்பை விரியன்களை மாதிரிக் கைகளில் கடிக்கவிட்டு ஒரு சோதனை செய்தார்கள். ஜீன்ஸ் துணி மூடிய கைக்குள் இறங்கிய நஞ்சு, மூடாத கையில் இறங்கியதில் பாதிகூட இல்லை. அது நம் ஊர்ப் பாம்பை வைத்துச் செய்ததல்ல என்றாலும், தளர்ந்த தடித்த துணி உதவும் என்பதற்கு எனக்கு அது போதும்.

அட்டைப்பூச்சி உறை: மலைக்கு மட்டும். மழைக்காலத்தில் நாலுமுக்குப் பக்கம் போனால் அட்டைப்பூச்சி பூட்ஸின் வாய் வழியாக உள்ளே இறங்கிவிடும். கடியில் ஆபத்து இல்லை. ஆனால் அரிப்பு தாங்காமல் ஆட்கள் பூட்ஸைக் கழற்றுவார்கள், அதில்தான் ஆபத்து. 300 ரூபாய்க்கு நெருக்கமாக நெய்த முழங்கால் உயர உறை கிடைக்கிறது. சாக்ஸுக்கு மேல் போட்டு அதற்கு மேல் பூட்ஸ்.

4. கை

என் வெல்டிங் கையுறையை முதலில் குறை சொன்னவர் ஒரு பனையேறி. காவோலைக் குவியலை நான் கையால் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, ‘தாயி, கால மூடிட்டு வந்து கைய ஓலைக்குள்ள விடுதியே’ என்றார். கையுறை இருக்கிறது என்று காட்டினேன். அவர் தன் அரிவாளால் ஓர் ஓலையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. நீளப் பல் விரியனுக்குத் தோல் கையுறை தடை ஆகாது. அதோடு கையுறை போட்டதும் கை எங்கேயும் போகலாம் என்ற தைரியம் வந்துவிடுகிறது. கைக்கு உண்மையான பாதுகாப்பு நான்கடி மூங்கில் கம்பு அல்லது 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும் பாம்புக் கொக்கி. ஓலை, கல், மட்டை எதையும் அதனால்தான் புரட்ட வேண்டும். புரட்டும்போது உங்கள் பக்கமாக இழுத்துத் தூக்குங்கள். உள்ளே இருப்பதற்கு எதிர்ப்பக்கம் வழி திறக்கும், நடுவில் கல்லே உங்களுக்குக் கேடயம். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள்.

இடுக்கி வாங்காதீர்கள். அது பிடிப்பதற்கான கருவி, உங்களிடம் அதற்கு அனுமதி இல்லை. இறுக்கிப் பிடித்தால் பாம்பின் விலா எலும்பும் உடையும். முள்ளுக்காக மெல்லிய தோட்டக் கையுறை போடலாம். அது முள்ளுக்கு மட்டும்.

மலையில் ஏறும்போது கிளையைப் பிடித்து ஏறும் பழக்கத்தை விடுங்கள். அந்த மலையில் வாழும் காணிப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். அவர் எதையும் பிடிக்க மாட்டார், பிடித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் கம்பால் அந்தக் கிளையைத் தட்டுவார். நாங்கள் காணாமல் கடந்துபோன பச்சை நிறக் குழிவிரியன் ஒன்றை அப்படித்தான் அவர் காட்டினார்.

5. விளக்கு, கண், தலை

தலையில் கட்டும் விளக்கு ஒன்று (1,100 ரூபாய்), கையில் டார்ச் ஒன்று (350). இரண்டும் வேண்டும். தலைவிளக்கு நீங்கள் பார்க்கும் பக்கம் மட்டும் காட்டும், கால் வைக்கும் இடத்தைக் கை டார்ச் காட்டட்டும். கைபேசி விளக்கை நம்பாதீர்கள். அதன் மின்கலம் மருத்துவமனைக்குப் பேச வேண்டியது.

உடங்காட்டில் சாதாரணக் கண்ணாடியாவது போடுங்கள், முள் கண்ணில் படும். மலையில் அகல விளிம்புத் தொப்பி நல்லது. துப்பட்டா, தொங்கும் கழுத்துச் சுற்றுத் துணி எதுவும் வேண்டாம்.

6. போட்டுப் பழகுங்கள்

புதுப் பூட்ஸோடு நேராகக் களத்துக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் வீட்டைச் சுற்றி, மாலையில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று நடங்கள். எங்கள் ஆச்சி, மாட்டுத் தொழுவத்துக்குக்கூட அதைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னாள். குதிகாலில் கொப்புளம் வருவதாக இருந்தால் வீட்டிலேயே வந்து ஆறட்டும்.

நேரத்தை வெயிலுக்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் பகல் பத்து மணிக்கு மேல் இந்த உடையோடு நடக்கவே முடியாது. காலை ஐந்தரை முதல் எட்டரை, மாலை ஆறு முதல் ஒன்பது. புலிகள் காப்பகத்துக்குள் இரவு நடைக்குத் தனியாக அனுமதி இருந்தால்தான் உண்டு, உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை தார்ச்சாலையிலோ வெட்ட வெளியிலோ நின்று, சுற்றிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்து, அங்கே மட்டும் பூட்ஸைக் கழற்றி வியர்வையை வடியவிடுங்கள், சாக்ஸை மாற்றுங்கள். நீர்மோரில் உப்பு சற்றுத் தூக்கலாகப் போட்டுக் கொண்டுபோவோம். இந்தப் பத்து நிமிடம் இல்லாத நாட்களில் யாராவது ஒருவர் கண்ட இடத்தில் கழற்றிவிடுவார்.

7. புறப்படும் முன்

எந்த மருத்துவமனை என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். மலையடிவாரம் என்றால் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை, பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நஞ்சுமுறி மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். தொலைபேசியில் கூப்பிட்டு இருப்பு இருக்கிறதா, இரவில் மருத்துவர் உண்டா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

வண்டி முகம் திரும்பி, வெளியேறும் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். சாவி ஓட்டுபவர் பையில் மட்டும் இருக்கக் கூடாது, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். காரையாறு, மாஞ்சோலைப் பக்கம் பல இடங்களில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது. எத்தனை மணிக்குள் திரும்புவோம், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். மூன்று பேருக்குக் குறைவாகப் போகாதீர்கள். ஒருவருக்குக் கடி என்றால் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் ஓட்ட.

மோதிரம், கொலுசு, மெட்டி, இறுக்கமான வளையல் எல்லாம் வீட்டில் கழற்றி வையுங்கள். வீங்கிய விரலில் இருந்து மோதிரத்தை எடுப்பது பெரும்பாடு.

8. இவ்வளவுக்கும் மேல் கடித்துவிட்டால்

பாம்பை விட்டு விலகுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பாதத்தில் கடி என்றால் வீக்கம் ஏறும் முன் பூட்ஸைக் கழற்றிவிடுங்கள். வராவிட்டால் கத்தியால் கிழித்து எடுங்கள், 550 ரூபாயைப் பார்க்காதீர்கள். கடிபட்ட காலை மூங்கில் கம்போடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். அவரை நடக்கவிடாதீர்கள். 108-க்கு அழையுங்கள். அவர்கள் வர நேரமாகும் இடம் என்றால் உங்கள் வண்டியிலேயே கிளம்பி வழியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. தூரத்தில் இருந்து ஒரு படம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அதற்காக நிற்க வேண்டாம்.

கட்டுவிரியன் கடி சில சமயம் எறும்புக்கடி அளவுக்குக்கூட வலிக்காது, வீங்காது. வலி இல்லை என்று வீட்டில் படுத்துவிடாதீர்கள். வயிற்றுவலியும் இமை சொருகலும் பிறகு வரும்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறைகிறதா என்று பார்க்கும் சோதனை அது. சிகிச்சை தொடங்காமல் சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்து உடன் வந்தவர்கள் சத்தம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். பொறுமையாக இருங்கள். எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது கடித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மலையில் கடித்ததா வயலில் கடித்ததா என்பதை வைத்தே மருத்துவர் பாதி முடிவு செய்வார்.

9. திரும்பி வந்த பிறகு

பூட்ஸை உள்ளும் புறமும் கழுவி, இரண்டு குச்சி நட்டு அதில் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். வெயிலில் நேராக வைத்தால் ரப்பர் வெடிக்கும், வேப்பமர நிழல் போதும். கெய்ட்டரைச் சோப்பில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தால் நீண்ட நாள் வரும். கால் விரலிடுக்கைத் துடைத்துப் பவுடர் போடுங்கள். சேற்றுப்புண் வந்தால் ஒரு வாரம் களம் கிடையாது.

களைத்து வந்து, தங்கிய வீட்டில் திண்ணையிலோ தரையிலோ அப்படியே சாய்ந்துவிடுவோம். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வருவது, தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது. நடக்கும்போது முழங்கால் வரை மூடிவிட்டுத் தூங்கும்போது வெறும் பாயில் படுப்பதில் அர்த்தம் இல்லை. கட்டில் கேளுங்கள். கட்டில் இல்லாவிட்டாலும் கொசுவலையைக் கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது, என் பையில் கெய்ட்டருக்கு அடுத்து அதுதான் இருக்கும்.

காலையில் பூட்ஸுக்குள் கால் விடும் முன் கவிழ்த்து நன்றாகத் தட்டுங்கள். ராதாபுரம் பக்கத்து விளை ஒன்றில் தங்கியிருந்தபோது அப்படித் தட்டியதில் என் இடது பூட்ஸில் இருந்து ஒரு கருந்தேள் விழுந்தது.